செல்வமும் திரைக்கதையும்

எழுதுவோனுக்குப் பொருள் வந்து சேர்ந்தபின் அவனது எழுத்து என்னாகின்றது என்னும் வினா நெடுநாளைய வினாவேயாம். எனினும் திரைக்கதையாசிரியன் திறத்து அது பிறரிடத்தினும் கூர்மையாய் எழுகின்றது. நாவலாசிரியனுக்குப் பொருள் வருவது அரிது. வந்தாலும் நூல் விற்குந்தோறும் சிறிது சிறிதாக வரும். திரைக்கதையாசிரியனுக்கோ, ஒரு படம் வெற்றி பெற்றுவிடின், மறுவாரமே பழைய வீடு மாறும். பழைய நண்பரும் மாறுவர். நேற்றுவரை அவன் கதையைக் கேளாது வாயிலில் நிறுத்தியவர் இன்று அவன் வாய்திறக்குமுன் தலையசைப்பர். இவையாவும் அவன் அடுத்த கதையை எழுதத் தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றன. நம் மாணவருட் சிலர் திரைக்கதை எழுதும் அவாவுடையர் என்பதை நாம் அறிவோமாதலின், இதனைச் சிறிது ஆராய்ந்து பார்த்தல் நலமெனக் கருதுகின்றோம்.

பொதுவகையாற் பேசிச் செல்வதினும் மெய்யாக வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றைக் கொண்டு பேசுதலே தெளிவு தரும். ஆதலின் இவ்விஷயம் பேரளவில் நிகழ்ந்த இடமாகிய அமெரிக்க நாட்டு ஹாலிவுட்டினின்று பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் என்பாரை எடுத்துக்கொள்கின்றோம்.

அவரைப் பற்றிக் கூறுமுன் அவ்வூரில் எழுதுவோர் நிலை இருந்தவாற்றை உணர்தல் வேண்டும். பேசும் படம் தோன்றிய காலத்தில் நியூயார்க்கு நாடக ஆசிரியரும் பத்திரிகையாளரும் கூட்டங்கூட்டமாக ஹாலிவுட்டுக்கு அழைக்கப்பட்டனர். 1926-ஆம் ஆண்டில், முன்னமே அங்குச் சென்றிருந்த ஹெர்மன் மான்கிவிக்ஸ் என்பவர், நியூயார்க்கிற் கையிற் பொருளின்றி இருந்த பென் ஹெக்ட் என்னும் எழுத்தாளருக்கு, இங்குப் பணம் கோடி கோடியாகக் கிடக்கின்றது, போட்டியிடுவோரோ அறிவிலிகள், விரைந்து வருக என்னும் கருத்துப்படத் தந்தி அடித்தார் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. ஹெக்ட் சென்றார், 1927-இல் வெளிவந்த 'அண்டர்வேர்ல்டு' என்னும் படத்துக்குக் கதை தந்து, அகாடமிப் பரிசுகள் முதன்முதல் வழங்கப்பெற்ற 1929-இல் கதைக்குரிய பரிசையும் பெற்றார். சிகாகோ நகரத்துக் கள்வரைப் பத்திரிகை நிருபராக இருந்து நேரிற் கண்டவர் அவர். அக்கண்ணே அப்படத்தை எழுதிற்றெனலாம்.

ஆங்கு எழுதுவோருக்கு வாரந்தோறும் கூலி. ஒரே கதையை ஒருவர்பின் ஒருவராகப் பலர் திருத்துவர். கதை எவருடையதென்று எழுதினவருக்கே ஐயம் உண்டாகும். இம்முறையை வெறுத்து எழுந்தவருள் முதல்வர் ஸ்டர்ஜஸ்.

இவர் 1898-இல் சிகாகோவிற் பிறந்தார். தாயார் ஓரிடத்தில் நில்லாத இயல்பினர். நடனமாது இஸடோரா டங்கனின் தோழி. மாற்றாந்தந்தையாகிய சாலமன் ஸ்டர்ஜஸ் சிகாகோவிற் பங்குத் தரகு செய்த செல்வர். ஆகவே பிள்ளை ஒருபால் பிரான்சு நாட்டுக் கலைஞர் கூட்டத்திலும், மற்றொருபால் அமெரிக்க வணிகர் இல்லத்திலுமாக வளர்ந்தார். பின்னர்த் தாயாருடைய வாசனைப்பொருட் கம்பெனியில் வேலை பார்த்து, முத்தமிட்டாலும் அழியாத உதட்டுச்சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பர். வறுமையிற் பிறந்து செல்வத்திற் கெட்டார் என்று எளிதிற் கதை கட்டுவதற்கு இவர் வரலாறு இடந்தாராது. செல்வத்தை இவர் சிறுவயது முதலே அறிவார். ஆனால் அது தம்முடையதன்று என்பதையும் உடன் அறிந்திருந்தார். விருந்தினன் ஒருவன் பெரிய வீட்டைப் பார்ப்பதுபோலவே இவர் செல்வத்தைப் பார்த்தார். விருந்தினன் கண்ணுக்கு வீட்டுக்காரன் காணாதன பலவும் தோன்றும்.

1929-இல் இவரியற்றிய 'ஸ்ட்ரிக்ட்லி டிஸானரபிள்' என்னும் நாடகம் நியூயார்க்கில் 557 முறை நடந்தது. அடுத்து எழுதிய நாடகங்கள் வீழ்ந்தன. ஹாலிவுட்டுக்குச் சென்று 1933-இல் 'தி பவர் அண்ட் தி குளோரி' என்னும் திரைக்கதையை 17,500 டாலருக்கும் இலாபத்தில் ஒரு பங்குக்குமாக விற்றார். பிறர் கைப்படாத முழுக் கதையாகவே அஃது எடுக்கப்பெற்றமை அந்நாளில் வியப்பாகப் பேசப்பட்டது. இரயில் பாதையைக் கண்காணித்து நடக்கும் எழுத்தறியாக் கூலியாள் ஒருவன், மனைவி கற்பிக்கக் கற்று, இரயில்வேக் கம்பெனியின் தலைவனாகி, இறுதியில் தன் கையாலேயே மடிகின்றான். கதை அவன் சவ அடக்கத்தில் தொடங்கி, நண்பன் ஒருவனது நினைவு சென்ற வழியே முன்னும் பின்னுமாகச் செல்லும். அக்காலத்தில் ஸ்டர்ஜஸின் மனைவியாராக இருந்தவர் பெருஞ்செல்வக் குடும்பத்தினர். அவர் தம் பாட்டனார் வரலாற்றைக் கூறக் கேட்டதே இதற்கு வித்து. இங்கும் அந்த விருந்தினன் கண்ணே வேலை செய்கின்றது.

அதே ஆண்டில் இவர் மற்றொரு கதையும் எழுதினார். அதனை வாங்குவாரில்லை. கஞ்சித்தொட்டியின் முன் நிற்கும் நாடோடி ஒருவன், தேர்தல் நாளன்று வாக்கொன்றுக்கு 2 டாலராக ஒரே நாளில் 37 வாக்குகளைப் பொய்ப்பெயர்களிற் போட்டு, அத்திறமையாற் கட்சித் தலைவனுக்கு வேண்டியவனாகி, படிப்படியாக உயர்ந்து மாகாண கவர்னராகின்றான். ஒருநாள் யோக்கியனாக நடக்க எண்ணுகின்றான். எண்ணிய அன்றே வீழ்கின்றான். பல ஆண்டுகள் பேழையிற் கிடந்த இக்கதையைத் தாமே டைரக்டு செய்ய இடந்தந்தாற் போதுமென்று சொல்லி, பாரமவுண்ட் கம்பெனிக்கு 10 டாலருக்கு ஸ்டர்ஜஸ் கொடுத்தார். 1940-இல் 'தி கிரேட் மகின்டி' என்னும் பெயருடன் அது வெளிவந்தது. நேரே திரைக்கென எழுதிய கதைக்கு அகாடமி சங்கம் அளித்த முதற் பரிசு இதற்கே கிடைத்தது.

அதே ஆண்டில் வந்த இரண்டாவது படம் 'கிறிஸ்துமஸ் இன் ஜூலை'. இதுவும் பழைய பேழைச் சரக்கே. 1931-இல் எழுதி மேடையேறாது கிடந்த நாடகம். நம் விஷயத்துக்கு இது மிகவும் அணித்தாகலின் சிறிது விரித்துரைப்போம். காப்பிக் கம்பெனி ஒன்று விளம்பர வாசகப் போட்டி நடத்துகின்றது. பரிசு 25,000 டாலர். குமாஸ்தா ஒருவன் பொருளற்ற வாசகம் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டு, பரிசு தனக்கே என்று நம்பிக் காத்திருக்கின்றான். உடன் வேலை பார்ப்போர் மூவர் விளையாட்டாகப் பொய்த்தந்தி ஒன்றை அவன் மேசைமேல் வைத்துவிடுகின்றனர். அவனும் நம்பினான், முதலாளியும் நம்பினார், நம்பியவுடன் அதே குமாஸ்தாவின் பழைய யோசனைகள் எல்லாம் முதலாளிக்கு அறிவுடையனவாகத் தோன்றுகின்றன. தனியறை கொடுக்கின்றார். காப்பி முதலாளியோ தவறுதலாகக் காசோலையையே கொடுத்துவிடுகின்றார். அவன் கடைக்குச் சென்று, தாய்க்கும் காதலிக்கும் மட்டுமன்றித் தன் ஏழைத்தெருக் குழந்தைகளுக்கெல்லாம் விளையாட்டுப் பொருள்கள் வாங்கி, வண்டிகளில் ஏற்றி வருகின்றான். பின்னர் உண்மை வெளிப்படுகின்றது. அப்பொழுது முதலாளியிடம், நேற்று நன்றாயிருந்த யோசனை இன்று எவ்வாறு தீதாயிற்று என்னும் கேள்வி எழுகின்றது. அவரிடம் விடையில்லை, பிறர் மெச்சினர் என்பதனாலன்றோ அவர் மெச்சினார்!

தமக்கு நேரவிருந்த நிலையையே ஸ்டர்ஜஸ் ஒன்பது ஆண்டு முன்னதாக எழுதிவைத்தார் என்று சொல்லத் தோன்றுகின்றது. 1940-இல் அவர் யோசனைகள் யாவும் நல்லனவாயின. 10 டாலருக்குக் கதை விற்றவர் சில ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் மிகுந்த ஊதியம் பெறுவோருள் ஒருவரானார். சன்ஸெட் சாலையில் 'தி பிளேயர்ஸ்' என்னும் உணவுவிடுதியைத் திறந்தார். கப்பல் எந்திரம் செய்யும் தொழிற்சாலையும் உடையராயிருந்தார். விடுதி ஈட்டியதினும் விழுங்கியதே மிகுதி.

இந்நிலையில், பேழைச் சரக்கு தீர்ந்தபின், புதுச் செல்வத்தின் நடுவிலிருந்து அவர் எழுதிய படமே 1941-இல் வந்த 'ஸல்லிவன்ஸ் டிராவல்ஸ்'. செல்வம் கதையை என் செய்கின்றது என்பதையே கதையாக்கிய படம் இதனினும் சிறந்ததொன்றை நாம் கண்டதில்லை. ஸல்லிவன் என்பான் ஹாஸ்யப் படங்களால் பொருள் குவித்த டைரக்டர். இனி நகைப்பு வேண்டா, ஏழைகளின் துயரத்தைப் படமாக்குவேன் என்கின்றான். துயரம் என்பது என்னவென்று உமக்குத் தெரியுமா என்று முதலாளிகள் வினவுகின்றனர். அவனும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, படப்பிடிப்பு நிலையத்து உடையறையினின்றே கந்தலாடை எடுத்து உடுத்தி, பத்து சென்டுடன் புறப்படுகின்றான். அவன் பின்னே ஒரு பெரிய மோட்டார் வண்டி. அதனுள் வைத்தியர், சமையற்காரர், விளம்பரம் எழுதுவோர்! அவன் எப்பக்கம் சென்றாலும், யாரோ ஒருவர் இரங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ள, மீண்டும் ஹாலிவுட்டிலேயே இறங்குகின்றான். புறப்படுமுன் அவனுடைய பரிசாரகன் ஒருவன், வறுமை ஏழைகளுக்கு நன்கு தெரிந்ததொன்று, அதைக் கவர்ச்சியாகக் காண்போர் செல்வரே என்னும் கருத்துப்பட உரைக்கும் இடம் மிகவும் உரமானது. அவ்வுரையை வேலைக்காரன் வாயில் வைத்த ஆசிரியர், அவ்வமயம் தாமும் ஸல்லிவனைப் போன்ற நிலையிலேயே இருந்தார்.

சில நாள் நாடோடிகளோடு உண்மையாகவே உறங்கிப் பட்டினி கிடந்தபின், ஸல்லிவன் நன்றி பாராட்டுமுகத்தால் ஐந்து டாலர் நோட்டுகளாக 1,000 டாலரை ஏழைகளுக்கு வழங்கச் செல்கின்றான். அங்கே ஒருவன் அவனைத் தாக்கிப் பணத்தைப் பறித்து ஓடி, இரயிலில் அடிபட்டு மாய்கின்றான். இறந்தவன் ஸல்லிவனே என்று உலகம் எண்ணுகின்றது. உயிருடனுள்ள ஸல்லிவனோ, நினைவு தடுமாறி, இரயில்வேக் காவலனை அடித்த குற்றத்துக்காக ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றுச் சங்கிலி பூட்டப்படுகின்றான். ஒருநாள் இரவு, கறுப்பின மக்களின் சிற்றாலயம் ஒன்றுக்குச் சிறையாளரை அழைத்துச் செல்கின்றனர். வருவோரை இழிவாக நோக்கவேண்டா என்று அவ்வாலயப் போதகர் தம் சபையாருக்குச் சொல்லிவைக்கின்றார். அங்கே வால்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படம் ஒன்று காட்டப்பெறுகின்றது. கைதிகள் நகைக்கின்றனர், ஸல்லிவனும் தன்னையறியாது நகைக்கின்றான். விடுதலை பெற்று மீண்டபின், துயரப் படம் வேண்டா, நகைப்பே தருவேன் என்கின்றான்.

இம்முடிவைப் பலர் புகழ்வர். ஆனால் அவன் விடுதலையான வகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன்னைத் தானே கொன்றதாக ஸல்லிவன் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றான். அதனால் அவன் படம் பத்திரிகையில் வருகின்றது. உடனே அவன் யாரென்பது விளங்கிவிடுகின்றது. பத்திரிகையிற் படம் வரத்தக்க முகம் இல்லாத ஏனைக் கைதிகள் அங்கேயே இருக்கின்றனர். கதை அவர்கள்பால் திரும்பவேயில்லை. நகைக்கும் முகங்களாக ஒருகணம் தோன்றி மறைவதோடு சரி. செல்வனாகிய கதைசொல்லி ஏழைகளிடம் சென்று ஒரு பாடம் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றான். பாடம் தந்தவர் சங்கிலியிலேயே. ஸ்டர்ஜஸ் இதனை அறிந்தே எழுதினாரா, அறியாது எழுதினாரா என்று நம் ஆசிரியர் அறையில் ஒருமுறை வாதம் நிகழ்ந்தது. அறிந்தே எழுதினார் என்பது நம் துணிபு. எனினும் படத்தின் இறுதிக் காட்சி அவ்வறிவை மூடிவிடுகின்றது என்பதையும் மறுத்தற்கில்லை.

இதற்கு முற்பட்ட அவர் கதைகளிற் செல்வம் என்பது வானத்தினின்று வீழ்வது. 1937-இல் அவரெழுதி மிட்செல் லெய்ஸன் டைரக்டு செய்த 'ஈஸி லிவிங்' என்னும் படத்திற் சினங்கொண்ட கோடீசுவரர் ஒருவர் மனைவியின் விலையுயர்ந்த மென்மயிர் அங்கியை மாடியினின்று எறிகின்றார்; அது பஸ்ஸிற் செல்லும் ஏழைப் பெண்ணின் தலைமேல் விழ, ஊரார் அவளைப் பெருஞ்செல்வியென மதிக்கத் தொடங்குகின்றனர். யார்மேல் விழும், எப்பொழுது பறிபோகும் என்பது தெரியாது. அத்தெரியாமையே அவருடைய நகைச்சுவைக்கு ஊற்று. 1942-இல் வந்த 'தி பாம் பீச் ஸ்டோரி'யிலும் இவ்வூற்று வற்றவில்லை.

இனி 1948-இல் வந்த 'அன்ஃபெய்த்ஃபுலி யுவர்ஸ்' என்னும் படத்தைக் காண்க. நாயகன் புகழ்பெற்ற சங்கீத வித்துவான், ஆங்கிலப் பிரபு. மனைவிமேல் ஐயங்கொண்டு, மூன்று இசைகளை நடத்துங்கால் மூன்று விதமாகப் பழிதீர்க்க மனத்துட் கற்பனை செய்கின்றான். ஒரு கற்பனையில் அவளைக் கொல்கின்றான். மற்றொன்றில் மன்னித்துப் பெருந்தொகைக்குக் காசோலை எழுதுகின்றான். பின்பு வீட்டிற்குச் சென்று அவற்றை மெய்யாகச் செய்ய முயலும்பொழுது நாற்காலியும் ஒலிப்பதிவுப் பெட்டியும் அவனுக்குப் பகையாகின்றன. சூழ்ச்சித் திறத்தால் இது முந்திய படங்களுக்கு இளைத்ததன்று. ஆனால் இங்குச் செல்வம் வானத்தினின்று வீழவில்லை. அது வீட்டுச் சாமான்களுள் ஒன்றாக இருக்கின்றது. எங்கிருந்து வந்தது, போய்விட்டால் என்னாகும் என்று ஒருவரும் வினவுவதில்லை. விருந்தினன் வீட்டுக்காரனாகிவிட்டான். படத்தில் நம் நெஞ்சைவிட்டு அகலாத இடம், நாயகன் துப்பறிவோன் ஒருவனது எளிய அலுவலறைக்குச் செல்லும் இடமே. அத்துப்பறிவோன் சங்கீதப் பித்தன். நாயகனிடம் பெரும்பக்தி உடையவன். பழைய ஸ்டர்ஜஸின் தெரு அவ்வறைக்குள் சற்றுநேரம் எட்டிப்பார்த்துப் போகின்றது.

இம்மாற்றத்துக்குப் பணமே காரணம் என்று கூறிவிடலாகாது. பாரமவுண்ட் கம்பெனியில் 1940 முதல் 1944 வரை வெளிவந்த எட்டுப் படங்களும் ஓயாத இழுபறியிலேயே பிறந்தன. 1944-இல் வந்த 'தி மிராகில் ஆப் மார்கன்ஸ் க்ரீக்' கதையில் இளம்பெண் ஒருத்தி, இன்னானென்று நினைவில்லாத போர்வீரன் ஒருவனை ஓரிரவில் மணந்து கருவுறுகின்றாள். தணிக்கையாளர் ஒவ்வொரு பக்கத்தையும் துருவினர். மறுக்கப்பட்ட வழியினின்று சுற்றுவழி தேடியதனாலேயே அப்படத்தின் ஹாஸ்யம் அத்துணை வேகம் பெற்றது. அதே கம்பெனி, மயக்கமருந்தின் வரலாற்றைப் பற்றி அவர் எடுத்த 'தி கிரேட் மோமென்ட்' என்னும் படத்தை வெட்டிச் சிதைக்கவும் செய்தது. மறுப்போர் எல்லாரும் நன்மை செய்வர் என்பதில்லை. ஸ்டர்ஜஸ் மனம் வெறுத்து நீங்கி, 1944-இல் விமானச் செல்வர் ஹோவர்ட் ஹ்யூஸோடு கூட்டுக் கம்பெனி தொடங்கினார். வேண்டும் பணம், வேண்டும் காலம், கேட்பாரில்லாத சுதந்தரம் எல்லாம் கிடைத்தன. கிடைத்த படம் ஒன்று, 'தி ஸின் ஆப் ஹெரால்டு டிடில்பாக்'. 1947-இல் வெளியிட்டு, ஹ்யூஸ் அதனைத் திரும்பப் பெற்று, குறைத்து, 1950-இல் வேறு பெயரால் வெளியிட்டார். கேட்பாரில்லாத சுதந்தரத்துக்கும் உள்ளே ஒரு சொந்தக்காரர் இருந்தார் என்பது அப்பொழுதே புலனாயிற்று.

செல்வம் எல்லாரையும் ஒரே வழியில் திருப்புமோ எனின், இல்லை. சார்லி சாப்ளின் தென் லண்டனில் ஏழைகள் விடுதியிற் காலங்கழித்த சிறுவர். 1914-இல் வாரம் 150 டாலருக்குப் படத்திற் சேர்ந்தவர், 1916-இல் வாரம் 10,000 டாலரும் அதன்மேல் 150,000 டாலர் முன்தொகையும் பெற்றார். அச்செல்வம் அவருக்குச் சொந்த ஸ்டூடியோ வாங்கித் தந்தது. ஸ்டூடியோ காலத்தை வாங்கித் தந்தது. 'சிட்டி லைட்ஸ்' படத்திற் கண்ணில்லாப் பூக்காரி, கார்க்கதவு மூடும் ஒலியால் நாடோடியைச் செல்வனென்று எண்ணவேண்டும். இச்சிறு காட்சிக்காக முந்நூற்றுக்கு மேற்பட்ட முறை மீண்டும் மீண்டும் படம் பிடித்தார். கூலிக்கு எழுதுவோன் எவனுக்கு அது கூடும்? பேசும் படம் உலகை வென்றுவிட்ட 1931-இலும் பேசாப் படமாகவே அதனை வெளியிடும் பிடிவாதத்தையும் பணமே அளித்தது. அதிலுள்ள கோடீசுவரன் மதுமயக்கத்தில் நாடோடியைத் தழுவிக்கொள்வான். தெளிந்ததும் யாரென்று கேட்பான். இரு நிலையையும் வாழ்ந்தவரன்றி இதனைப் பிறர் எழுதுதல் அரிது.

ஆயினும் சாப்ளினுடைய நாயகர்கள் குடியிருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருக. 1921-இல் 'தி கிட்' படத்தில் ஒழுகும் மாடியறை. 1936-இல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்திற் சரிந்து விழும் பலகைக் குடிசை. சுவிட்ஸர்லாந்திற் குடியேறியபின் 1957-இல் எடுத்த படத்தில் நாயகன் நாடிழந்த அரசன், இருப்பிடம் நியூயார்க்குப் பெரு விடுதி. 1967-இற் கடைசிப் படத்தில் உல்லாசக் கப்பலின் உயர்தர அறை. 1952-இன் 'லைம்லைட்' ஒன்றே இடையில் நின்று, 1914-ஆம் ஆண்டின் லண்டன் வாடகை வீட்டுக்குத் திரும்புகின்றது. அதற்கு அவர் தம் இளமை நினைவைத் துருவ வேண்டியிருந்தது; சுற்றிலும் பார்த்து எழுதக்கூடியதாய் இல்லை.

ஸ்டர்ஜஸுக்கோ நினைவைத் துருவும் ஓய்வும் வாய்த்திலது. 1949-க்குப் பின் ஹாலிவுட்டில் அவரை அழைப்பாரில்லை. உணவுவிடுதி 1953-இற் கைவிட்டுப் போயிற்று, கடன் மிஞ்சிற்று. பிரான்சுக்குச் சென்று 1955-இல் ஒரு படம் எடுத்தார். பழைய வேகம் அதில் இல்லை. வறுமை திரும்பி வந்தது. ஆனால் வறுமையோடு கதையும் திரும்பிவிடவில்லை. பசி இருந்தாற் கதை தானே வரும் என்று பேசுவோர் இவ்விடத்தைக் கவனித்தல் நலம். 10 டாலருக்கு விற்ற நாளில் அவரிடம் இருந்தது வறுமை மட்டுமன்று. பேழை நிறைய எழுதிவைத்த கதைகளும், அவற்றை வேண்டாவென்றவரை வென்றுகாட்டவேண்டுமென்ற வீறும் இருந்தன.

இறுதியில் நியூயார்க்கு நகரத்து அல்கான்குவின் விடுதி அறையில் இருந்துகொண்டு, வழக்கம்போலத் தாம் சொல்லப் பிறர் எழுதும் முறையில், தம் வாழ்க்கை வரலாற்றை இயற்றி வந்தார். 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், நூல் முற்றுப்பெறுமுன், அவ்வறையிலேயே மாரடைப்பால் இறந்தார், வயது 60. எழுதிவைத்த பகுதிகளை அவர் மனைவியார் தொகுத்து 1990-இல் வெளியிட்டனர்.